நூற்றெண்பத்தேழாம் வாக்கியம்

தை 3, புதன்

காலைப் பூசை முடிந்து எழுவதற்குள் பேச்சிமுத்து வந்து கூடத்தில் அமர்ந்திருந்தார். மார்க்கெட்டுக்குப் பின்னால் அச்சகமும் சிறு பதிப்பகமும் நடத்துகிறவர். தேர்வுக்குப் படிப்போருக்கான கையேடுகள் போடுவது அவர் தொழில்.

“ஐயா, இங்கிலீஷ்ல இன், ஆன், அட்னு வருமில்லா, அத வச்சு முந்நூறு சொற்றொடர். ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாக்கியம். வேலைக்குப் பரீட்ச எழுதுதவன் பூரா இதுலதான் கோட்ட விடுதான். இங்கிலீஷ் பக்கம் ஒரு டீச்சரம்மா எழுதித் தாராங்க. தமிழ்ப் பக்கம் நீங்க செஞ்சு தரணும்.”

“எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு போதாதே, பேச்சிமுத்து.”

“உங்களுக்குப் போதாதுன்னா டவுன்ல வேற யாருக்குய்யா போதும்? அகராதி இருக்குல்லா.”

ஆங்கிலப் பகுதி யாருடையது என்று கேட்டேன்.

“பாளையங்கோட்டையில ரிட்டயரானவங்க. பிரமு தேவசகாயம்னு பேரு. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டிய.”

கேள்விப்பட்டதில்லை என்று நான் சொல்லவில்லை. கேள்விப்பட்டிருக்கிறேன் என்றும் சொல்லவில்லை. பணியை ஒப்புக்கொண்டேன்.

பிரமநாயகி என் உடன்பிறந்த தங்கை. இப்போது எழுபத்தொரு வயது இருக்க வேண்டும். நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் தேவசகாயம் என்னும் கிறித்தவ ஆசிரியரை மணந்துகொண்டாள். தந்தையார் அன்றே ஆற்றுக்குச் சென்று, மகள் இல்லை என்று தலைமுழுகினார். அதன்பின் அவளை ஒரே ஒருமுறை, தந்தையார் மறைந்த நாளில், பார்த்தேன். அதற்கும் முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. அப்போது வெளியூரில் ஆசிரியையாக இருந்தாள். இப்போது எங்கள் இருவருக்கும் இடையில் இருப்பவை ஓர் ஆறும் ஒரு பாலமும். நகரப் பேருந்தில் முக்கால் மணி நேரம்.

இப்பணியை ஏற்றது பொழுது பயனுறக் கழியும் என்பதற்காக. வேறு காரணம் இல்லை.

தை 5, வெள்ளி

முதற்கட்டு வந்தது. அறுபது சீட்டுகள். பழைய தேர்வுத்தாள்களை நான்காகக் கிழித்து, எழுதாத பக்கத்தில் எழுதி, எண்ணிட்டு, நூலால் கட்டியிருக்கிறாள். கையெழுத்து மாறவில்லை. எழுத்துகள் வலப்பக்கம் சாயாமல் நேராக நிற்கின்றன.

அகராதியின் துணையோடு இரவுக்குள் அறுபதையும் முடித்தேன். ‘இன் ஃப்ரண்ட் ஆஃப்’ என்பதற்கு, ‘கோயிலுக்கு முன்னால் பேருந்து நிற்கும்’ என்ற வாக்கியம். ‘பை ஹார்ட்’ என்பதற்கு, ‘அக்குழந்தை வாய்ப்பாட்டை மனப்பாடமாகச் சொல்லும்’ என்ற வாக்கியம். ஆங்கிலத்தின் போக்கு ஒன்று கருதத்தக்கது. உறவைக் காட்டும் சொல் அதில் பெயருக்கு முன்னே நிற்கிறது. தமிழில் உருபாகிப் பெயருக்குப் பின்னே வருகிறது. அவர்கள் உறவை முதலில் சொல்லிவிட்டு ஆளைப் பிறகு சொல்கிறார்கள். நாம் ஆளை முதலில் நிறுத்திக்கொண்டு, என்ன உறவு என்பதைப் பின்னர் முடிவு செய்கிறோம்.

பதினான்காம் சீட்டு ‘அட் தி டோர்’. அதற்கு அவள் எழுதியிருக்கும் ஆங்கில வாக்கியத்தின் பொருள்: ‘அவள் இரண்டு மணி நேரம் வாசலில் நின்றாள், ஒருவரும் கதவைத் திறக்கவில்லை.’

உள்ளவாறே பெயர்த்தேன். ஆயினும் இவ்வாக்கியத்தில் பிழை இருக்கிறது. இலக்கணப் பிழை அன்று. தந்தையார் மறைந்த அன்று, யார் வாயிலாகவோ செய்தி அறிந்து அவள் வந்து நின்றபோது, கதவு திறந்தேதான் இருந்தது. உள்ளே வரலாகாது என்று சொல்லப்பட்டது; அவ்வளவே. நின்றதும் இரண்டு மணி நேரம் அன்று, ஒன்றரை மணி நேரம் இருக்கலாம். சீட்டின் ஓரத்தில் பென்சிலால் ‘கதவு திறந்திருந்தது’ என்று குறித்தேன். செய்யுளுக்கு உரை எழுதிப் பழகிய கை, பிழையைக் கண்டால் அடங்குவதில்லை.

மாலையில் சமையல் எரிவாயு உருளை வந்தது. தூக்கிவைக்க ஆளில்லாமல் நானும் என் மனைவி செண்பகமும் உருட்டினோம்.

தை 6, சனி

பென்சில் குறிப்பை அழித்துவிட எண்ணி எழுந்தேன். பேச்சிமுத்து விடியலிலேயே வந்து கட்டை வாங்கிச் சென்றுவிட்டதாக செண்பகம் சொன்னாள்.

தை 8, திங்கள்

பேச்சிமுத்து இரண்டாம் கட்டோடு வந்தார். இரு சக்கர வண்டியை நிறுத்தும்போதே பேச்சைத் தொடங்கிவிட்டார்.

“ஐயா, நீங்க ஓரத்துல என்னமோ எழுதியிருந்தியளே, அதப் படிச்சிட்டு அந்தம்மா சீட்டத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. பிறகு ‘தமிழ்ப் பக்கம் யாரு’ன்னு கேட்டாங்க. உங்க பேரச் சொன்னேன். ஒரு மாதிரி சிரிச்சாங்க. ‘ஆவுடைநாயகம் பிள்ளையா? ரொம்பக் கவனமான ஆளாச்சே’ன்னாங்க. உங்களத் தெரியுமோ?”

“வாத்தியார் வேலை பார்த்தவங்களுக்கு ஒருத்தர ஒருத்தர் தெரியத்தான செய்யும்.”

ஆகவே, பதினான்காம் வாக்கியத்தை எழுதியபோது அதைப் பெயர்க்கப்போவது யார் என்று அவளுக்குத் தெரியாது. கையேடு எழுத உட்கார்ந்து, எடுத்துக்காட்டு தேவைப்பட்ட இடத்தில், கையில் இருந்த ஒன்றை எடுத்து வைத்திருக்கிறாள். நான்தான் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறேன்.

இரண்டாம் கட்டைப் பிரித்தேன். எழுபத்து மூன்று, ‘இன் டீட்டெய்ல்’: ‘கதவு திறந்திருந்தது எனில், உள்ளே வராதே என்று சொன்னவர் யார் என்பதை விரிவாகக் கூறுக.’ எழுபத்து நான்கு, ‘ஆன் பிஹாஃப் ஆஃப்’: ‘அவன் குடும்பத்தின் சார்பில் பேசினான், குடும்பம் அவனைப் பேசச் சொல்லவில்லை.’

இரண்டுக்கும் தமிழ் எழுதினேன். எழுபத்து மூன்றின் ஓரத்தில், ‘சொன்னவன் நான்’ என்று குறித்தேன். அது அவளுக்குத் தெரிந்ததே. தெரிந்ததைக் கேட்டால், தெரிந்ததைச் சொல்வதில் குற்றமில்லை.

தை 11, வியாழன்

தைப்பூசம். சிந்துபூந்துறையில் தீர்த்தவாரி பார்க்கச் சென்றோம். கூட்டம் மிகுதி. செண்பகம் படித்துறையில் நின்று அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தா இருக்கு பாளையங்கோட்ட. ஒரு எட்டுப் போயிட்டு வந்தா உங்க கால் தேஞ்சா போயிரும்?”

“வேலை முடியட்டும்.”

“எந்த வேல?”

திரும்பும்போது பூசைக்கு வில்வமும், அவளுக்கு முழங்காலில் தடவத் தைலமும் வாங்கினேன்.

தை 15, திங்கள்

பேச்சிமுத்து இன்று வருத்தத்தோடு வந்தார்.

“ஐயா, கோவிச்சுக்கிடாதிய. இது பரீட்சைக்குப் படிக்கிற புஸ்தகம். அங்கங்க வாக்கியமெல்லாம் ஏன் இப்பிடி அழுது வடியுது? ‘ராமு கடைக்குப் போனான்’னு எழுதப்பிடாதா? நேத்து அந்தம்மாட்டயே கேட்டுப்பிட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“‘மிஸ்டர் பேச்சிமுத்து, ராமு அம்பது வருஷமாக் கடைக்குப் போறான், ஒரு பிள்ளையும் இங்கிலீஷ் பேசக் காணோம். மனுஷன் நெசமாப் பேசுத வாக்கியமா இருந்தாத்தான் மனசுல நிக்கும்’னாங்க. டீச்சர்ட்ட நான் என்னத்தச் சொல்ல?”

அவள் கருத்து சரியானது என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு மூன்றாம் கட்டை எடுத்து வைத்தார்.

“ஆனா சட்டுனு முடிக்கணுங்கய்யா. மாசி அஞ்சாம் தேதி அச்சுக்குப் போகணும். ஒம்பதாம் தேதி அந்தம்மா வீட்டக் காலி பண்ணிட்டுப் பெங்களூருக்குப் போறாங்க, மகன்கூட இருக்க. லாரிக்குச் சொல்லியாச்சாம். வீட்டுக்காரர் போனதுக்குப் பொறவு ஆறு வருஷமா ஒத்தையிலதான இருக்காங்க.”

தேவசகாயம் இறந்துவிட்ட செய்தி எனக்கு இன்றுதான் தெரிந்தது. நல்ல மனிதர் என்று கேள்வி.

மூன்றாம் கட்டில் குறிப்பிடத்தக்கது ஏதுமில்லை. வங்கி, மழை, புகைவண்டி. பல சீட்டுகளில் ஓரம் வெறுமையாக இருந்தது. ஓரத்தைப் பார்ப்பது எனக்கு எப்போது வழக்கமாயிற்று என்று தெரியவில்லை.

தை 19, வெள்ளி

நான்காம் கட்டு. நூற்றெண்பத்தொன்று முதல் இருநூற்று நாற்பது வரை. ஒன்று நீங்கலாக எல்லாம் முடிந்தன.

நூற்றெண்பத்தேழு, ‘டில் தி எண்ட்’. வாக்கியம்: ‘அவளுடைய தந்தை இறுதிவரை அவளை மன்னிக்கவில்லை.’

தமிழில் ஐந்தே சொற்கள். நாளை எழுதலாம்.

தை 20, சனி

நூற்றெண்பத்தேழு நிலுவையில் உள்ளது. கிணற்று மோட்டார் பழுது. பழுது பார்ப்பவர் திங்களன்று வருவதாகச் சொல்லியிருக்கிறார். பூசைக்கு இரண்டு குடம் நீரை வாளியால் இறைத்தேன்.

தை 21, ஞாயிறு

செண்பகம் முறத்தில் உளுந்தை வைத்துக்கொண்டு என்னெதிரே அமர்ந்தாள்.

“அந்தச் சீட்டுல அப்பிடி என்ன இருக்கு? ரெண்டு நாளா அதையே பாத்துக்கிட்டு இருக்கிய. சாப்பாடு எறங்கல.”

படித்துப் பொருள் சொன்னேன். முறம் தரைக்கு வந்தது.

“அப்பிடியா நெனச்சுக்கிட்டு இருக்கா? இத்தன வருஷமாவா?”

“அப்பிடித்தான் தெரியுது.”

“மாமா மூணு நாளும் அவளத்தான கேட்டாவ. கஞ்சி கொண்டு போம்போதெல்லாம் ‘பிரமு வந்துட்டாளாம்மா, பிரமு வந்துட்டாளாம்மா’ம்பாவ. தந்தி கொடுத்தாச்சு, வந்துக்கிட்டு இருக்கான்னு நீங்கதான சொன்னிய. நானும் அதையே அவாள்ட்டச் சொன்னேன்.”

“ஆமா.”

“கொடுத்தியளா?”

இக்கேள்வியை அவள் முப்பத்தெட்டு ஆண்டுகளில் இன்றுதான் கேட்டாள். விடை அவளுக்குத் தெரியாமல் இராது. நான் சீட்டைக் கவிழ்த்து வைத்ததைப் பார்த்துவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“அவ பெங்களூர் போறதுக்குள்ள நீங்க சொல்லல, நான் போய்ச் சொல்லிருவேன். எனக்கு முட்டு வலிதான், வாய் வலி இல்ல.”

மூலத்தில் இருப்பதை உள்ளவாறு பெயர்ப்பதே பெயர்ப்பவன் கடமை. மூலம் பொய்யாயின் அப்பொய்யும் உள்ளவாறே பெயர வேண்டும். ஆனால் இவ்விடத்தில் எழுதியவள் பொய் சொல்லவில்லை. பொய்யை மெய்யென்று நம்பி எழுதியிருக்கிறாள். அந்நம்பிக்கையை அவளுக்குத் தந்தவனிடமே சீட்டு பெயர்ப்புக்கு வந்திருக்கிறது. இப்படியொரு நிலைக்கு எந்த உரையாசிரியரும் விதி வகுத்ததாக எனக்கு நினைவில்லை.

தை 22, திங்கள்

எழுதினேன். ‘தந்தை இறுதி மூன்று நாளும் அவளைக் கேட்டார். தவறுதலாகத் தந்தி அனுப்பப்படவில்லை.’

‘தவறுதலாக’ என்பதைக் கடைசியில் சேர்த்தேன். அச்சொல் இன்றி வாக்கியத்தின் ஓசை நிறையவில்லை.

பேச்சிமுத்து கட்டை வாங்கிச் சென்றார். மோட்டார் சரியாயிற்று.

தை 24, புதன்

இன்று பேச்சிமுத்து வரவேண்டிய நாளன்று. முகம் வெளிறி வந்தார்.

“ஐயா, நூத்தியெம்பத்தேழுல இங்கிலீஷ் ஒண்ணு சொல்லுது, தமிழ் வேறொண்ணு சொல்லுது. நான் கவனிக்கல. நேரா அந்தம்மா கையில கொடுத்துட்டேன். படிச்சாங்க. கண்ணாடியக் கழத்திட்டு இன்னொரு தடவ படிச்சாங்க. எந்திரிச்சு உள்ள போனவங்க வரவே இல்ல. அர மணி நேரம் உக்காந்து பாத்துட்டு, நானே கதவச் சாத்திட்டு வந்தேன். நீங்க ரெண்டு பேரும் யாருய்யா?”

“அவ இங்கிலீஷ் எழுதுதா. நான் தமிழ் எழுதுதேன்.”

“இத்தன நாளும் ‘சொன்னாங்க, எழுதினாங்க’ன்னு பேசினிய. இன்னைக்கு ‘அவ’ங்கிய.”

செண்பகம் மோர் கொண்டுவந்து கொடுத்து, “இவாளுக்குக் கூடப்பொறந்தவ, பேச்சிமுத்து” என்றாள். அவர் மோரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு, “நான் ஒரு மடையன்யா. மொகச் சாட கண்ணுக்கு முன்னால இருந்திருக்கு” என்றார்.

தை 26, வெள்ளி

கடைசிக் கட்டை அவள் அனுப்பிவிட்டாள். அனுப்பமாட்டாள் என்று எண்ணியிருந்தேன். பேச்சிமுத்து வாசலில் நின்றே கொடுத்துவிட்டுப் போனார்.

இருநூற்று நாற்பத்து நான்கு, ‘பை மிஸ்டேக்’: ‘தவறுதலாக ஒருவன் உப்புக்குப் பதில் சீனி வாங்கி வரலாம்.’

இருநூற்று நாற்பத்தைந்து, ‘ஆன் பர்ப்பஸ்’: ‘மூன்று நாள் தொடர்ந்து தந்தியை மறப்பவன் வேண்டுமென்றே மறக்கிறான்.’

பின்வரும் ஐம்பத்து நான்கு வாக்கியங்களும் அஞ்சலகம், மருந்துக்கடை, நாற்காலி, மேசை பற்றியவை. எழுத்தில் எங்கும் நடுக்கமில்லை. முந்நூறாவது, ‘இன் பெர்சன்’: ‘இனி எழுதி அனுப்ப வேண்டாம், நேரில் வந்து சொல்லவும்.’

தை 28, ஞாயிறு

கடைசிக் கட்டை முடித்தேன். இருநூற்று நாற்பத்தைந்துக்கு உள்ளது உள்ளபடியே தமிழ் எழுதினேன். ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லை மாற்றவில்லை. நூற்றெண்பத்தேழில் நான் எழுதிய ‘தவறுதலாக’ தவறு என்று தனித்தாளில் குறித்துக் கட்டின்மேல் வைத்தேன்.

புதனன்று செல்வதாகச் செண்பகத்திடம் சொன்னேன். தானும் வருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். “ஆமா, நான் வந்தா அங்கன அழுதுருவேன். உங்களுக்கு வசதியாப் போயிரும்” என்றாள்.

மாசி 2, புதன்

காலைப் பூசையைச் சுருக்கிக்கொண்டு எட்டரை மணிப் பேருந்தில் ஏறினேன். பாலத்தில் நெரிசல். ஆற்றில் நீர் குறைவு. துணி துவைப்போர் மணலில் விரித்திருந்தார்கள். ஒன்பதேகாலுக்கு இறங்கி இருவரிடம் விசாரித்து வீட்டைக் கண்டேன். கூடத்தில் அட்டைப் பெட்டிகள் கயிறிட்டுக் கட்டப்பட்டு அடுக்கியிருந்தன. சுவரில் ஒரு சிலுவையும், அதன்கீழ் தேவசகாயத்தின் படமும் மட்டும் இன்னும் கழற்றப்படவில்லை.

“வாங்க” என்றாள். அண்ணன் என்று சேர்க்கவில்லை. தலை முழுதும் நரைத்திருக்கிறது. என்னைவிட நிமிர்ந்து நடக்கிறாள். ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வெளியில் நீர் அருந்துவதில்லை என்பது என் நியமம். அருந்தினேன்.

மேசைமுன் அமர்ந்து, எழுதாத சீட்டு ஒன்றை எடுத்துப் பேனாவைத் திறந்தாள்.

“மூணு நாளுன்னு எழுதியிருந்திய. நாள் நாளாச் சொல்லுங்க.”

“எழுதணுமா?”

“எனக்கு இப்பல்லாம் ஞாபகம் நிக்க மாட்டேங்கு. எழுதி வச்சாத்தான் உண்டு. மொத நாளு?”

“தம்மைப் பார்க்க வருமாறு பிரமுவுக்குச் செய்தி அனுப்பும்படி…”

“உங்க தமிழ்ல சொல்லாதிய. அப்பா என்ன வார்த்த சொன்னாவளோ அதச் சொல்லுங்க.”

தந்தையாரின் குரலை நினைவில் தேடினேன். பிறகு வந்தது.

“‘பிரமுவுக்குத் தந்தி அடில. பாக்கணும் போல இருக்கு’ன்னாவ.”

எழுதினாள். “நீங்க?”

“சரின்னேன்.”

“ரெண்டாம் நாளு?”

“‘வந்துட்டாளா’ன்னு கேட்டாவ. இன்னும் வரலன்னேன். ஊர் என்ன சொல்லும், தலைமுழுகினது என்னாறதுன்னு நானும் கேட்டேன். அதுக்கு, ‘தலமுழுகுனவன் நான். எனக்கில்லாத கவல உனக்கென்னல’ன்னாவ.”

பேனா நின்று, மறுபடி ஓடியது. எழுதியதை வாய்க்குள் ஒருமுறை படித்துப் பார்த்தாள். “‘கவல உனக்கென்னல’ன்னா சொன்னாவ?”

“அப்பிடியேதான்.”

“அப்பா பேச்சுதான்” என்றாள். “மூணாம் நாளு?”

ஜன்னலுக்கு வெளியே ஒருவர் பழைய பேப்பர் கேட்டுக் கூவிச் சென்றார். அவர் தெருமுனை கடக்கும்வரை இருவரும் காத்திருந்தோம்.

“காலம்பற பக்கத்துல உக்காந்து பதிகம் சொல்லிக்கிட்டிருந்தேன். ஆறாம் பாட்டு சொல்லையில கையத் தூக்கி நிறுத்தச் சொன்னாவ.”

“என்ன சொல்லி?”

“‘நீ சொன்னது போதும்ல. பிரமு வந்து சொல்லட்டும். அவ சொன்னாத்தான் அது பாட்டா இருக்கும்’னாவ. அதுக்கப்புறம் பேச்சில்ல. சாயந்தரம் போயிட்டாவ.”

அவள் எழுதவில்லை. பேனாவைக் கீழே வைத்தாள்.

“அதுக்கா?”

“அதுக்குத்தான்.”

“மொத நாளே அடிக்கலையே? அது மூணாம் நாளுதான சொன்னாவ?”

“மொத நாளு சொல்லலதான். சின்ன வயசுல இருந்தே சொல்லிக்கிட்டுத்தான இருந்தாவ.”

ஆசாரம், ஊர், உறவினர், தந்தையார் செய்த விலக்கு எனப் பல காரணங்களை இத்தனை ஆண்டு நாட்குறிப்புகளில் எழுதியிருக்கிறேன். பழைய ஏடுகள் அலமாரியில் உள்ளன. அவற்றில் இக்காரணம் எங்கும் இல்லை. தந்தையார் எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பதிகம் சொல்லிக்கொடுத்தார். என்னைவிட ஏழு வயது இளையவள். நான் இரண்டு நாளில் கற்றதை அவள் ஒரு மாலையில் சொன்னாள். இதையும் இன்றுதான் எழுதுகிறேன்.

பேனாவை மூடிவிட்டு அவள் பேசினாள். குரல் உயரவில்லை.

“தெனம் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுதேன் அண்ணே. மகனுக்கு, பேரப்பிள்ளைகளுக்கு, கூட வேல பாத்தவங்களுக்கு, எதுத்த வீட்டு நாய்க்குக்கூட ஒருக்கா ஜெபிச்சிருக்கேன். அந்த மனுஷனுக்கு மட்டும் முப்பத்தெட்டு வருஷமா ஒரு நாளும் ஜெபிக்கல. இவுக சாகும்போதுகூடச் சொன்னாக, உங்கப்பாவ விட்டுரு பிரமுன்னு. மாட்டேன்னுட்டேன். என்ன மன்னிக்காத ஆளுக்கு நான் எதுக்கு வேண்டணும்னு.”

அவள் எழுதி நான் பெயர்த்த முந்நூறு வாக்கியங்களிலும் அங்கே சொல்லத்தக்கது ஒன்றுமில்லை.

“ஆறாம் பாட்டுலயா நிறுத்துனாவ?”

“ஆறுல. பாதியில.”

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கைகளைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டு, ஆறாம் பாட்டின் பாதியிலிருந்து தொடங்கினாள். குரல் கட்டை தட்டியிருந்தது. மேல்நிலையில் இரண்டிடத்தில் உடைந்தது. நிறுத்தவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. சுவரில் சிலுவை இருந்தது. அதன்கீழே அமர்ந்து பதிகத்தை முடித்தாள். தந்தையாருக்காகச் சொன்னாள். என்னைப் பார்த்து அன்று.

முடிந்ததும் கண்ணாடியை அணிந்து, எழுதிய சீட்டை நான்காக மடித்துத் தன் வேதப் புத்தகத்தினுள் வைத்தாள்.

“நூத்தியெம்பத்தேழ எடுத்துட்டேன். அந்த இடத்துல ஒரு பஸ்ஸப் பத்தி எழுதிப் பேச்சிமுத்துட்டக் கொடுத்தாச்சு. கடைசி வரைக்கும் பஸ் வரலன்னு. தமிழ் நீங்க எழுதிருங்க.”

“எழுதிருதேன்.”

“வெயில் ஏறுது. போங்க.”

போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்று நான் எதிர்பார்ப்பதும் முறையன்று. தெருமுனைவரை திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பேருந்தில் இடம் கிடைத்தது.

செண்பகம் வாசலிலேயே நின்றிருந்தாள். “என்ன சொன்னா?” என்றாள். பதிகம் சொன்னாள் என்றேன். அவள் மேற்கொண்டு கேட்காமல் இலை போட்டாள்.

மாலைப் பூசையில் அதே பதிகத்தை ஓதினேன். ஒன்பதாம் பாட்டின் மூன்றாம் அடியில், நான் சொல்லிவரும் சீரை அவள் காலையில் வேறாகச் சொல்லியிருந்தாள். என் பாடம் அச்சுப்புத்தகத்தில் உள்ளது. அவளுடையது தந்தையார் வாயிலிருந்து கேட்டது. இன்று அவள் சொன்னபடி சொன்னேன். ஓசை எங்கும் முட்டவில்லை.